மறு: 'மினிமம் லோடு' - தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். ஓர் ஆம்ப்ளிஃபயரில் (சுருக்கமாக ஆம்ப்) எத்தனை ஓம் வரை குறைவான ஸ்பீக்கரை மாட்டலாம் என்பதைத்தான் 'மினிமம் லோடு' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் எழுதியிருந்தார்:

> "குறைந்தபட்சச் சுமை" என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்து. காரில் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) மாட்டும் ஒருவர் "இந்த ஆம்ப்ளிஃபயரின் குறைந்தபட்சச் சுமை 2 ஓம்" என்று படித்தால் என்ன நினைப்பார்? 4 ஓம் கனம், 1 ஓம் லேசு என்றுதானே? உண்மை நேர்மாறானது. ஓம் குறையக் குறைய ஆம்ப் தர வேண்டிய மின்னோட்டம் கூடும். அதே மின்னழுத்தத்தில் 4 ஓம் 2 ஓம் ஆனால் மின்னோட்டம் இரு மடங்கு. அதற்கும் கீழே போனால் பாதுகாப்புச் சுற்று ஆம்பை நிறுத்திவிடும். அது சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே டிரான்சிஸ்டர்கள் எரியும்.

ஐயா ஒருவர் முன்மொழிந்த "சிறும மின்னெதிர்ப்பு" (மினிமம் இம்பீடன்ஸ்) பிழையற்றது. பாடநூலுக்கு அதுவே இருக்கட்டும். வயரைக் கையில் வைத்திருப்பவருக்கு நான் சொல்ல நினைப்பது: ஓம் கீழெல்லை. "இந்த ஆம்பின் ஓம் கீழெல்லை 2" என்றால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்:

"சப்வூஃபரின் உள்ளே 4 ஓம் கம்பிச் சுருள்கள் இரண்டு. தொடராக (சீரீஸ்) இணைத்தால் 8 ஓம், பக்க இணைப்பில் (பேரலல்) 2 ஓம். இதே மாதிரி இரண்டு சப்வூஃபர்களை வாங்கி நான்கு சுருள்களையும் பக்க இணைப்பில் போட்டால் 1 ஓம். ஓம் கீழெல்லை 2 உள்ள ஆம்புக்கு இது ஆகாது. ஒவ்வொன்றிலும் சுருள்களைத் தொடராக்கி, அப்புறம் இரண்டு சப்வூஃபர்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம். பயமில்லை."

தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது என்றே நினைக்கிறேன்.

"மின்தடை" என்று எழுதுவதை மட்டும் தவிர்ப்போம். 4 ஓம் என்று அச்சிட்ட சுருளை மல்டிமீட்டரில் அளந்தால் பெரும்பாலும் மூன்றரை ஓம் அளவில்தான் காட்டும். மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை. ஒலி ஓடும்போது சுருள் காட்டும் எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், ஸ்பீக்கர் பழுது என்று நினைத்து நல்ல ஸ்பீக்கரைக் கழற்றுவார்கள்.

இன்னொரு சிக்கல் 'பிரிட்ஜ்' செய்வது, அதாவது ஆம்பின் இரண்டு சேனல்களை (ஒலி வெளியீடுகளை) சேர்த்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டுவது. "பாலமிணைப்பு" எனக்குச் சம்மதம். ஆனால் இரண்டு சேனல்களைப் பாலமிணைத்து 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், ஒவ்வொரு சேனலுக்கும் அது 2 ஓம் போலத்தான் தெரியும். அதனால்தான் பல ஆம்புகளில் தனிச் சேனலுக்கு 2 ஓம், பாலமிணைப்புக்கு 4 ஓம் என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். நம் கலைச்சொல் பட்டியலிலும் "சேனல் ஓம் கீழெல்லை", "பால ஓம் கீழெல்லை" என்று இரண்டு பதிவுகள் வேண்டும். ஒன்றாக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'ஃபியூஸ்' பற்றிய கேள்விக்கு: "உருகி" ஏற்கெனவே நிலைத்த சொல், மாற்ற வேண்டியதில்லை. விளக்கத்தில் மட்டும் "பேட்டரிக்கு மிக அருகில், நேர்முனை வயரில்" என்று சேருங்கள். ஆம்ப் பக்கம் இருக்கும் உருகி ஆம்பைத்தான் காக்கும். நடுவில் வயர் தோல் உரிந்து கார் உடம்பில் பட்டால் தீப்பிடிப்பதை அது தடுக்காது.

மேலே சுருள் என்று நான் எழுதிய 'வாய்ஸ் காயில்' பாக்கி இருக்கிறது. "குரல்சுருள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். சப்வூஃபரில் குரல் பெரும்பாலும் வராதே, "ஒலிச்சுருள்" பொருந்துமா? மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.