டிக்டேஷனில் முழு மதிப்பெண், இரண்டு வாரத்தில் மறதி: ஆங்கிலச் சொற்களை எப்படி நிலைக்கவைப்பது?

சிப்புட்_டீச்சர்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தமிழ்ப்பள்ளி, 4-ஆம் ஆண்டு, 22 பிள்ளைகள். திங்களன்று 15 ஆங்கிலச் சொற்கள். தமிழில் பொருள் சொல்லி, ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதவைத்து, வெள்ளியன்று டிக்டேஷன். பாதிப் பேருக்கு மேல் முழு மதிப்பெண். இரண்டு வாரம் கழித்து அதே சொல் பாடநூலில் வந்தால் முழிக்கிறார்கள். வாக்கியத்தில் ஒன்றுகூட வருவதில்லை. வீட்டில் தமிழ், கடையில் மலாய். ஆங்கிலம் காதில் விழுவது வகுப்பில் மட்டும்தான். எதை மாற்றுவது?

கரும்பலகை:
டீச்சர், முதலில் 15-ஐ ஆறாகக் குறையுங்கள். எல்லாச் சொல்லுக்கும் ஒரே உழைப்பு தேவையில்லை. 'ஸ்டெதஸ்கோப்' அந்தப் பாடத்தோடு போய்விடும். படத்தைக் காட்டிக் கடந்துவிடலாம். 'கலெக்ட்', 'டேமேஜ்', 'கேர்ஃபுல்', 'இனஃப்' எந்தப் பாடத்திலும் திரும்பத் திரும்ப வரும். நேரத்தை அவற்றுக்குக் கொடுங்கள். 6-ஆம் ஆண்டு முடிவில் எதிர்பார்ப்பது சிஇஎஃப்ஆர் என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் ஏ2 நிலை, அதாவது அன்றாடச் சொற்கள். 'பொம்பாஸ்டிக்' என்கிற ஆடம்பரச் சொற்களை மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

எதிர்ச்சொற்களை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். 'லெஃப்ட்', 'ரைட்' சேர்ந்து வந்தால் எது எது என்று கடைசிவரை குழம்பும். 'பாரோ' (கடன் வாங்கு), 'லெண்ட்' (கடன் கொடு) இன்னும் மோசம். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு, ஒரு வாரம் தள்ளி மற்றது.

ஒரு சொல்லுக்கு ஐந்து நிமிடம் போதும். 'ரைப்' (பழுத்த) என்று வைத்துக்கொள்வோம். எழுத்தைக் காட்டாமல் ஒலியை மட்டும் மூன்று முறை சொல்லவையுங்கள். பிறகு இரண்டு படம்: அடியில் பழம் உதிர்ந்து கிடக்கும் சிவந்த செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை, ஒன்றுகூட உதிராத கறுத்த குலை. எது ரைப் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதோடு நிறுத்தினால் சொல் செம்பனைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். வாழைப்பழம், பப்பாளி என்று மாற்றிக் கேளுங்கள். 'இஸ் எ கிரீன் பனானா ரைப்?' பதிலோடு காரணமும் வரட்டும். எழுத்து கடைசியில். தமிழில் பொருள் சொல்வதில் தவறே இல்லை, நேரம் மிச்சம். அதன்பின் அந்தச் சொல்லைப் பிள்ளை வாயால் பயன்படுத்தியாக வேண்டும்.

மறதிக்கு வருவோம். படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, பிறகு மெதுவாகக் கரைகிறது என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டிவிட்டார். உங்கள் முறையில் வெள்ளிக்குப் பிறகு அந்தச் சொல்லை யாரும் கேட்பதில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டியில் மூன்று அறை தடுத்து, சொல்லட்டைகளைப் போடுங்கள். முன்பக்கம் படமும் ஒரு சொல் விடுபட்ட வாக்கியமும், பின்பக்கம் சொல். முதல் அறை தினமும், இரண்டாவது வாரம் இருமுறை, மூன்றாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்கு, தவறினால் மறுபடி முதல் அறைக்கு. இதைக் கெடுப்பது ஒன்றுதான்: அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு 'தெரியும்' என்பது. பார்த்து வாசிப்பது வேறு, நினைவிலிருந்து எடுப்பது வேறு.

வெள்ளிச் சோதனையில் 4 புதிய சொல், 6 பழைய சொல். டிக்டேஷனாக வேண்டாம், கோடிட்ட இடமாக வையுங்கள்.

மணிலா_அட்டை:
ஐந்து முறை எழுதுவதைப் பிள்ளைகள் எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முதல் எழுத்தை மேலிருந்து கீழாக ஐந்து தடவை, பிறகு இரண்டாம் எழுத்தை ஐந்து தடவை! சொல் மனதில் ஏறவே ஏறாது. பார், சொல், மூடு, எழுது, சரிபார். இப்படி இரண்டு முறை எழுதினால் போதும்.

எழுத்துப்பிழையில் பாதி மலாயிலிருந்து வருகிறது. 'போலீஸ்' என்றால் பி-ஓ-எல்-ஐ-எஸ் என்று முடிப்பார்கள். மலாயில் அது சரி, ஆங்கிலத்தில் சி-இ வர வேண்டும். பஸ், டாக்சி, கிளினிக் எல்லாம் இதே கதை. இவற்றை ஒரே மணிலா அட்டையில் (பெரிய தடித்த தாள்) மலாய், ஆங்கிலம் என்று இரண்டு பத்தியாக எழுதி, மாறுகிற எழுத்துக்கு மட்டும் சிவப்பு மை போடுங்கள்.

சிப்புட்_டீச்சர்:
நன்றி. ஐந்து பேருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கவே வரவில்லை. அவர்களுக்கு?

கரும்பலகை:
வாசிப்பு வரும்வரை சொல்லை நிறுத்திவைக்காதீர்கள். அவர்களுக்கு மூன்று சொல், படம் மட்டும், வாய்மொழியாக. எழுத்தொலிப் பயிற்சியைத் தனியாக வையுங்கள். ஆசிரியரே வகுப்பில் செய்யும் வகுப்புசார் மதிப்பீட்டில் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து எல்லாம் தனித்தனியே பதிவாவதால், வாயால் சொன்னதைப் பேச்சுத்திறனில் குறித்துக்கொள்ளலாம். வீட்டுக்கு அனுப்பும் அட்டையின் பின்பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால், ஆங்கிலம் தெரியாத பாட்டியும் படத்தைக் காட்டிக் கேட்டு, சரியா என்று பார்த்துக்கொள்ளலாம்.