குடும்பக் குழுவில் ஒரு லோட்டஸ் எலான்: பின்சக்கர இறப்பர் இணைப்புகளை மாற்றலாமா?

*குமரன் (நொரிச்), சனி காலை 8:40*
அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை என் பழைய லோட்டஸ் எலான் காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்திப் பார்த்தபோது, பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் (தண்டின்) முனையில் இணைப்பாக இருக்கும் ரொட்டோஃபிளெக்ஸ் இறப்பர் வளையங்களில், இடப்பக்க உட்புற வளையத்தில், போல்ட் துளைக்கு அருகே நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பைக் கண்டேன். நான்கு வளையங்களையும் புதிதாக வாங்கிப் பூட்டி இன்னும் பதினெட்டு மாதங்கள்கூட ஆகவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, பழைய காருக்கு இப்போது கிடைக்கும் இறப்பர் இப்படித்தான் இருக்கும் என்று கையை விரித்துவிட்டார். இம்முறை இறப்பரை விட்டுவிட்டு சி.வி. ஜொயிண்ட் (கோணத்திலும் சீரான வேகத்தில் சுழலும் உலோக இணைப்பு) பொருத்திய ஷாஃப்டுகளுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

*பெரியமாமா (லெஸ்டர்), 8:58*
வெடிப்புக் கண்ட வளையத்துடன் அந்தக் காரைத் தெருவுக்கு எடுக்காதே. ஓடும்போது அது அறுந்தால், ஒரு முனை விடுபட்ட ஷாஃப்ட் சுழன்று சட்டகத்தையும் கண்ணாடியிழை உடலையும் அடித்து நொறுக்கிவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: லோட்டஸ் காரர்கள் இறப்பரை அறியாமையால் வைக்கவில்லை. 1962இல் எலான் வெளிவந்தபோது அதன் மென்மையான ஓட்டத்தில் அந்த நான்கு வளையங்களுக்கும் பங்கு இருந்தது. கிளட்சை விடும்போது கியர்பெட்டியில் விழும் அடியை அவைதான் வாங்கிக்கொள்கின்றன.

*குமரன், 9:05*
மாமா, அடியை வாங்குவது சரிதான், ஆனால் வாங்கியதைத் திருப்பியும் கொடுக்கின்றனவே. காலையில் நெரிசலில் இரண்டாவது கியரில் மெதுவாக ஊரும்போது, அக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்றே எடுத்தாலும் அதை அழுத்தினாலும் இறப்பர் முறுக்கேறி, பிறகு விடுபட்டு, கார் தவளைபோலத் தத்தித் தத்திப் போகிறது. பக்கத்து வரிசையில் நிற்பவர்கள் எனக்கு ஓட்டத் தெரியாது என்றே நினைக்கிறார்கள்.

*மாலதி அக்கா (டெர்பி), 9:31*
தம்பி, அந்த வளையம் என்ன பாடுபடுகிறது என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார். உனது 1558 சி.சி. இயந்திரம் தருவது ஏறத்தாழ 145 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. முதல் கியரில் அது ஏறக்குறைய மூன்று மடங்காகி, விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் மறுபடி மூன்றேமுக்கால் மடங்காகி, இரு பக்கமும் பிரியும்போது ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் 800 நியூட்டன் மீற்றர் வரை போய்ச் சேர்கிறது. இவ்வளவையும் தாங்கிக்கொண்டே, சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த இறப்பர் வளையவும் வேண்டும், ஷாஃப்டின் நீள மாற்றத்துக்கு ஈடுகொடுத்து இழுபடவும் வேண்டும். ஏனென்றால் எலானின் ஷாஃப்டில் நீண்டு சுருங்கும் பகுதி என்று தனியாக எதுவும் இல்லை. ஒரே துண்டு இறப்பரிடம் மூன்று வேலை. நல்ல இறப்பராக இருந்தால் செய்யும். இல்லாவிட்டால் நீ கண்டதுதான்.

*மாலதி அக்கா, 9:34*
இதில் பலர் கவனிக்காமல் விடும் விடயம் ஒன்று உண்டு. வளைவதற்கும் இழுபடுவதற்கும் இறப்பர் எதிர்ப்புக் காட்டுகிறது அல்லவா? அந்த எதிர்ப்பும் ஒரு ஸ்பிரிங்தான். அதை எடுத்துவிட்டு சி.வி. ஜொயிண்டைப் பூட்டினால், காரின் பின்பக்கம் உன்னை அறியாமலே ஓரளவு மென்மையாகிவிடும். ஆகையால் ஷாஃப்டை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணாதே. ஸ்பிரிங்கையும் ஷொக் அப்சோபரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

*சித்தப்பா (ஹரோ), 10:12*
சி.வி. வேண்டாம் என்பவர்கள், இரு முனையிலும் சிலுவை ஜொயிண்ட், நடுவில் ஷாஃப்ட் நீண்டு சுருங்குவதற்காக ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்வரிசை என்று அமைந்த ஷாஃப்டையும் பொருத்துகிறார்கள். விலையும் குறைவு என்று கேள்விப்பட்டேன். அது எப்படி?

*பெரியமாமா, 10:20*
அதைப் பற்றி என்னிடம் கேளுங்கள். எண்பதுகளில் நான் வைத்திருந்த ட்ரையம்ஃப் டி.ஆர்.6இல் அந்த ஏற்பாடுதான் இருந்தது. வளைவில் காலை அழுத்தினால், முறுக்குவிசையின் பிடியில் பல்வரிசை இறுகிக்கொண்டு வழுக்க மறுக்கும். காலை எடுத்த கணத்தில் அது சட்டென்று விடுபட, பின்பக்கம் ஒரு துள்ளு துள்ளும். மழை நாளில் ஒரு சுற்றுவட்டத்தில் அந்தத் துள்ளலை வாங்கிய உங்கள் மாமி, அதன்பிறகு அந்தக் காரில் ஏறவேயில்லை.

*மாலதி அக்கா, 10:41*
மாமா சொல்வது பொறியியல்படியும் சரியே. சிலுவை ஜொயிண்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும்; பத்துப் பாகைக் கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை. இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றை மற்றொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் எலானில் சக்கரம் ஏறி இறங்கும்போது சாய்வும் மாறுவதால், அந்தச் சமநிலை எப்போதும் கிடைக்காது. சி.வி. ஜொயிண்டில் ஆறு உருண்டைகள் பள்ளங்களில் ஓடி வேகத்தைச் சீராகக் கடத்துகின்றன. உள்முனை ஜொயிண்ட் சுமையின் கீழும் இலகுவாக நீளும், சுருங்கும். 1959இல் மினி வந்ததிலிருந்து கோடிக்கணக்கான கார்களில் சோதிக்கப்பட்ட பொருள் அது.

*குமரன், 11:02*
அப்படியானால் சி.வி. என்றே முடிவு செய்கிறேன். மாமா, கோபிக்க வேண்டாம். பழைய ஷாஃப்டுகளையும் விளிம்புகளையும் துடைத்து எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துவிடுவேன். காரை விற்கும் நாள் வந்தால் அவையும் அதனுடனேயே போகும்.

*பெரியமாமா, 11:06*
கோபம் இல்லை. ஆனால் இறப்பர் போய்விட்டால், கிளட்சைப் பட்டென்று விடும் உன் பழக்கமும் போக வேண்டும். இதுவரை வளையங்கள் வாங்கிய அடி இனி நேராக டிஃபரன்ஷியலுக்குத்தான் போகும். எலானில் அதன் அலுமினிய உறையைச் சட்டகத்தில் தொங்கவிடும் காதுகள் வெடிப்பது புதிய கதை அல்ல. அந்தக் காதுகளையும், அவற்றைத் தாங்கும் இறப்பர்களையும், கீழே உள்ள இரண்டு இழுவைத் தண்டுகளையும் இந்தச் சந்தர்ப்பத்திலேயே விளக்குப் பிடித்துப் பார்.

*சித்தப்பா, 11:30*
எங்கள் கராஜில் உள்ள மடக்கு வேலைமேசையைக் கொண்டுவருகிறேன். எலானை வடிவமைத்த ரொன் ஹிக்மன்தான் அந்த வேர்க்மேட் மேசையையும் கண்டுபிடித்தார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருடைய காரை அவருடைய மேசையிலேயே வைத்துப் பழுதுபார்ப்போம்.

*அம்மா, 11:33*
மேசை இருக்கட்டும். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு யாரும் அடியில் படுக்கக் கூடாது. தாங்கு கால்களை வைத்துப் படம் எடுத்து இங்கே போட்ட பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

*குமரன், ஞாயிறு மாலை 4:15*
தாங்கு கால்களின் படம் காலையிலேயே அனுப்பிவிட்டேன், அம்மா. இப்போது வேலை விபரம். ஒரு வளையத்துக்கு ஆறு என்று மொத்தம் இருபத்து நான்கு போல்ட்டுகளையும் கழற்ற மூன்று மணி நேரம் சென்றது. ஷாஃப்டுகளை எடுத்தபின், சக்கரங்களைத் தரையில் இறக்கிப் பின்பக்கத்தைக் கையால் அழுத்திவிட்டால், முன்பு ஒருமுறை எழும்பி நின்ற கார் இப்போது இரண்டு முறை ஆடியே நிற்கிறது. அக்கா சொன்ன மறைந்திருந்த ஸ்பிரிங் இதுதான் போலும். ஷொக் அப்சோபர்களும் தேய்ந்திருந்ததை இத்தனை நாளாக இறப்பர் மூடி மறைத்திருக்கிறது.

*குமரன், 4:22*
ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள லோட்டோகோன் இறப்பர்களில் ஒன்று உலோகத்திலிருந்து முற்றாகப் பிரிந்து, விரலால் தள்ளினாலே சுழன்றது. ஆகவே புதிய லோட்டோகோன்கள், புதிய ஷொக் உட்பாகங்கள், ஓரளவு கடினமான ஸ்பிரிங்குகள், சக்கரத்தைச் சட்டகத்துடன் இணைக்கும் கீழ்க் கையான விஷ்போனின் புதிய புஷ்கள் (இறப்பர் உறைகள்) எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்துவிட்டேன். நல்ல வேளையாக விஷ்போன் குழாய்களில் மேல்துரு மட்டுமே இருந்தது.

*மாலதி அக்கா, 4:50*
பூட்டும்போது இரண்டு விடயங்களை மறக்காதே. முதலாவது, விஷ்போன் புஷ்களின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்காதே. கார் தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ்ஷின் இறப்பர் எந்நேரமும் முறுகிய நிலையில் இருந்து விரைவில் கிழிந்துவிடும். இரண்டாவது, சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதற்கு இதுவரை இறப்பர் வளையமும் ஓரளவு கடிவாளம் போட்டது. இனி அந்த வேலையை ஷொக் அப்சோபரின் நீளமோ தனியான தடுப்போ செய்தாக வேண்டும். ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை ஏற்றி, சக்கரத்தை முழுமையாகத் தொங்கவிட்டு, கையால் மெதுவாகச் சுற்றிப் பார். ஏதாவது ஓரிடத்தில் முட்டுவதுபோல் கைக்குத் தெரிந்தால் சி.வி. தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

*குமரன், 6:37*
சி.வி. ஷாஃப்டுகளைப் பூட்டிச் சுற்றிப் பார்த்தேன், அக்கா. வலப்பக்கம் சுத்தமாகச் சுழல்கிறது. இடப்பக்கம் முழுத் தொங்கலில் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை “டக்” என்று மெல்லிய முட்டு உள்ளங்கையில் தெரிகிறது. ஜாக்கால் ஒரு விரற்கடை உயர்த்தினால் மறைந்துவிடுகிறது.

*மாலதி அக்கா, 6:41*
அந்த விரற்கடையைச் சரியாக அளந்து எழுதிவை. ஷொக் தண்டில் அந்த அளவுக்குச் சற்றுக் கூடுதலான தடுப்பு வளையத்தை இரு பக்கமும் சமமாகப் போட்ட பிறகே ஸ்பிரிங்கை ஏற்று. ஓட்டுவதற்கு முன் காப்புறுதிக்காரருக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடு.

*பெரியமாமா, 6:55*
ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியை அடுத்த சனிக்கிழமை நான் கொண்டுவருகிறேன். உன்னிடம் உள்ள அந்த மெல்லிய இரட்டைக் கொக்கியைத் தொடாதே. வெடித்த வளையத்தையும் எறிந்துவிடாதே; அதை அறுத்து உள்ளே எப்படி வார்த்திருக்கிறார்கள் என்று நான் பார்க்க வேண்டும்.