ஸ்டேட்மென்டில் யாரென்றே தெரியாத பெயர், 2,525 ரூபாய். எந்த சாஃப்ட்வேருக்குப் போனது?

ஸ்டுடியோ_தங்கை

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் ராஜபாளையத்தில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கடைக் கணக்கு மட்டும் நான் பார்க்கிறேன். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்து, எந்த வரி பிரின்ட் பேப்பர், எந்த வரி ஆல்பம் லேப், எந்த வரி அண்ணி வாங்கிய மிக்ஸி என்று பென்சிலால் குறித்து வைப்பது என் வேலை.

இந்த மாதம் மூன்று வரிகள் புரியவில்லை. ஜூலை 14-ஆம் தேதி 2,525.20 ரூபாய். ஒரு கம்பெனிப் பெயர், அதை ஒட்டி நட்சத்திரக் குறி, பிறகு பாதியில் வெட்டுப்பட்ட மாதிரி நாலைந்து ஆங்கில எழுத்து, கடைசியில் ஐ.ஆர்.எல். பக்கத்தில் சின்ன எழுத்தில் 29.50 டாலர். அதே தேதியில் கீழே 88.38 ரூபாய், அதற்கும் கீழே 15.91 ரூபாய். அண்ணனிடம் கேட்டால், "நான் டாலரில் எதுவும் வாங்கலையே" என்கிறார். அண்ணி கார்டைத் தூக்கிப் பீரோவில் பூட்டிவிட்டார்.

நெட்டில் தேடினால், அது சாஃப்ட்வேர் சந்தாவுக்குப் பணம் வாங்கும் கம்பெனி என்று மட்டும் வருகிறது. எந்த சாஃப்ட்வேர் என்று இல்லை. கூடவே ஒரு கஸ்டமர் கேர் எண் வருகிறது. அதைக் கூப்பிடலாமா? கம்பெனிப் பெயரை இங்கே போட வேண்டாம் என்கிறார் அண்ணன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை_மின்னல்

யோசிக்கவே வேண்டாம், இப்போதே கார்டை பிளாக் செய்யுங்கள். 1930-க்குப் போன் போட்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள். டாலரில் போயிருக்கிறது என்றால் கண்டிப்பாகத் திருட்டுதான். முதலில் சின்னத் தொகையாக எடுத்து ஆழம் பார்ப்பார்கள், அப்புறம் மொத்தமாக உருவுவார்கள்.

பேரேடு

சகோதரி, முதலில் அந்த எண்ணைக் கூப்பிடாதீர்கள். தேடலில் வந்து நிற்கும் கஸ்டமர் கேர் எண்களில் மோசடிக்காரர்கள் போட்டு வைத்தவை நிறைய. ரீஃபண்ட் தருகிறோம், இந்த ஆப்பை இறக்குங்கள் என்பார்கள். போன் திரை முழுக்க அவர்கள் பார்வைக்குப் போய்விடும். வங்கியிடம் பேச கார்டின் பின்பக்கம் அச்சிட்ட எண் போதும்.

நான் விருதுநகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். இந்த மாதிரி வரிகள் எங்கள் மேஜைக்கு அடிக்கடி வரும். பெரும்பாலும் திருட்டு இல்லை, மறதி.

உங்கள் மூன்று வரியும் ஒரே செலவு. 2,525.20-க்கு மூன்றரை சதவீதம் போட்டுப் பாருங்கள், 88.38 வரும். அது வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்ததற்கு வங்கி எடுக்கும் மார்க்அப். அந்த 88.38-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 15.91. ஆக மொத்தம் 2,629.49 ரூபாய் போயிருக்கிறது.

இப்போது 29.50-ஐப் பாருங்கள். சாஃப்ட்வேர்க்காரர்கள் 29 என்று விலை வைப்பார்கள், 29.99 என்று வைப்பார்கள். 29.50 அபூர்வம். 1.18-ஆல் வகுத்தால் சரியாக 25 வருகிறது. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக நமக்கு விற்கிறவர், வாங்குகிறவர் ஜிஎஸ்டி எண் கொடுக்கவில்லை என்றால் 18 சதவீதத்தைச் சேர்த்து வாங்கி இந்திய அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது விதி. எனவே நீங்கள் தேட வேண்டியது மாதம் 25 டாலர் விலையுள்ள ஒரு சாஃப்ட்வேரை. வாங்கியவர் இந்தியாவில் இருப்பதாகத்தான் அந்தக் கம்பெனியில் பதிவாகியிருக்கிறது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. என் சந்தேகம் உங்கள் கடைப்பக்கம்தான் போகிறது.

நட்சத்திரக் குறிக்கு முன்னால் இருப்பது பணம் வாங்கியவர் பெயர், பின்னால் இருப்பது பொருளின் பெயர். சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகளால் நாட்டுக்கு நாடு வரிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங், 2செக்அவுட் மாதிரி ஆட்களிடம் விற்பனையை விட்டுவிடுகிறார்கள். பில் அவர்கள் பெயரில் வரும். ஸ்டேட்மென்ட் வரியில் பெயருக்கு இருக்கும் இடமே இருபத்திரண்டு, இருபத்தைந்து எழுத்துதான்; அவர்கள் பெயர் போக மிச்சத்தில் சாஃப்ட்வேர் பெயர் வெட்டுப்படும். ஐ.ஆர்.எல். என்றால் அயர்லாந்து, பணம் வாங்கிய நிறுவனம் பதிவான நாடு. சாஃப்ட்வேர் செய்தவர் எந்த நாட்டிலும் இருக்கலாம்.

மின்னல் சொன்னபடி கார்டையே பிளாக் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. கார்டு போனால் அதில் ஓடும் கரண்ட் பில், இன்டர்நெட் எல்லாம் சேர்ந்து நிற்கும். வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது, இன்றைக்கே அதை அணைத்துவிடுங்கள். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகளில் அது அணைந்த நிலையில்தான் வரும், கார்டுக்காரர்தான் இயக்க வேண்டும். அண்ணன் எப்போது, எதற்காக இயக்கினார் என்று கேளுங்கள்.

அடுத்து அண்ணனின் போன். கார்டில் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் ஈ-மேண்டேட் (தானாக எடுக்கக் கார்டுக்காரர் கொடுக்கும் முன்அனுமதி) விதி 2021 அக்டோபர் 1 முதல் கட்டாயம். முதல் தடவை ஓடிபி வேண்டும். அதன் பிறகு 15,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமலே எடுக்கலாம், ஆனால் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஜூலை 12, 13 தேதிகளில் வந்த மெசேஜையும் மெயிலையும் பாருங்கள். ஆஃபர் மெசேஜ்களுக்கு நடுவில் கிடக்கும். வங்கித் தளத்தில் ஈ-மேண்டேட் அல்லது ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற பக்கத்திலும் பட்டியல் கிடைக்கும்.

அங்கெல்லாம் ஒன்றுமே இல்லையென்றால் மின்னல் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டுத் தளங்கள் பல ஓடிபி கேட்காமலே கார்டு எண்ணை வைத்துப் பணம் எடுத்து வந்திருக்கின்றன. அப்போது தாமதிக்காதீர்கள். 2017-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாத மோசடியை, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். அதற்கும் மேல் போனால் வங்கி வைத்ததே சட்டம்.

லேயர்_மாஸ்க்

நான் கோவையில் ஆல்பம் டிசைன் செய்கிறேன். பேரேடு அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த சாஃப்ட்வேர்களில் ஏழு நாள் இலவச ட்ரயல் என்று இருக்கும். இலவசத்துக்கும் கார்டு கேட்பார்கள், எட்டாம் நாள் பணம் போகும். கடை கம்ப்யூட்டரில் விண்டோஸ் செட்டிங்ஸுக்குள் போய், இன்ஸ்டால் ஆன ஆப்களைத் தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். ஜூலை முதல் வாரத்தில் புதிதாக என்ன ஏறியிருக்கிறது என்று தெரியும். முகத்தில் பரு நீக்குவது, பின்னணி வெட்டுவது, கலர் கரெக்‌ஷன், இந்த வகையில் ஏதாவது இருந்தால் அதுதான்.

மெயிலில் தேடும்போது கம்பெனிப் பெயரைப் போடாதீர்கள், 29.50 என்று தொகையைப் போடுங்கள். பெயர் மாறினாலும் தொகை மாறாது. ஸ்பாம் ஃபோல்டரையும் விடாதீர்கள். இந்த விற்பனைக் கம்பெனிகள் சிலவற்றின் தளத்தில், இது என்ன பணம் என்று பார்க்கவே தனிப் பக்கம் உண்டு. மெயில் முகவரி, கார்டின் கடைசி நாலு எண் மாதிரி விவரம் கேட்பார்கள். முழு எண்ணோ சிவிவியோ கேட்டால் அது போலித் தளம்.

ஸ்டுடியோ_தங்கை

கிடைத்துவிட்டது! அண்ணனின் சொந்த மெயிலில் இல்லை. கடைக்கென்று ஒரு மெயில் இருக்கிறது, வாடிக்கையாளர்கள் படம் அனுப்புவதற்கு. அதில் 29.50 என்று தேடியதும் முதல் வரியிலேயே இன்வாய்ஸ் வந்து நின்றது. 25 டாலர், அதன் கீழே ஜிஎஸ்டி 4.50. பேரேடு அண்ணாவின் கணக்கைப் பார்த்து அண்ணி வாயைப் பிளந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு ஆளின் முகத்தை மட்டும் பளிச்சென்று ஆக்கும் சாஃப்ட்வேராம். ஆனி முகூர்த்த நெருக்கடியில் பகுதி நேரமாக வந்த டிசைனர் தம்பி ஜூலை 6-ஆம் தேதி ட்ரயல் எடுத்திருக்கிறான். அண்ணன் மண்டபத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது போனில் ஓடிபி கேட்டானாம், இவரும் படித்துச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு சுவிட்சைப் போன வருஷம் ஏதோ ப்ரீசெட் (படத்துக்கான தயார் கலர் செட்டிங்) வாங்க இயக்கி அப்படியே விட்டது. ஜூலை 12 தேதியிட்ட வங்கி மெசேஜும் இருக்கிறது, ஒரு லோன் ஆஃபருக்கும் இன்னொரு லோன் ஆஃபருக்கும் நடுவில்.

சுவிட்சை அணைத்தாயிற்று. சந்தாவை ரத்து செய்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்தக் கம்பெனிக்கு எழுதலாமா, இல்லை இந்தச் செலவை ஏற்கவில்லை என்று வங்கியில் டிஸ்ப்யூட் போடலாமா என்று கேட்டேன். அண்ணன் இப்போது, "ஆவணி முகூர்த்தம் வரைக்கும் இருக்கட்டுமே, வேலை நன்றாகத்தான் செய்கிறது" என்கிறார்.

மதுரை_மின்னல்

நல்லவேளை, நான் சொன்னதைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஸ்டேட்மென்டையும் ஒரு தடவை பார்க்கப் போகிறேன்.

பேரேடு

டிஸ்ப்யூட் வேண்டாம். ஓடிபி நீங்கள் கொடுத்தது, முன்தகவலும் வந்திருக்கிறது. வங்கியில் அது நிற்காது, அந்தக் கம்பெனியும் கணக்கை முடக்கிவிடும். வேண்டாமென்றால் அவர்களிடமே ரத்து செய்துவிட்டு, வங்கியில் மேண்டேட்டையும் தனியாக ரத்து செய்யுங்கள். இரண்டும் வேறு வேறு.

வைத்துக்கொள்வதென்றால், ஆகஸ்ட் 14-க்கு முன்னால் அந்தத் தளத்தில் பில்லிங் பக்கத்தில் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொல்லுங்கள். அப்புறம் அவர்கள் 25 மட்டும் எடுப்பார்கள். 18 சதவீதத்தை ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்றவருக்குப் பதில் வாங்கியவரே கட்டும் முறையில், நீங்கள் கட்டி, கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் இன்புட்டாகக் கழித்து எடுத்துக்கொள்ளலாம். கடை காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) இருந்தால் கட்ட மட்டும்தான் முடியும், எடுக்க முடியாது. எதில் இருக்கிறது?

ஸ்டுடியோ_தங்கை

ரெகுலர்தான் அண்ணா. எண்ணை இன்று மாலையே போட்டுவிடுகிறேன்.