ஐந்து உயிரெழுத்தும் வரும் நீண்ட ஆங்கிலச் சொற்கள் வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். இலங்கையில் ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மாலை நேரத்தில் தரம் 9 பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் ஒவ்வொன்றும் ஒரு தடவை மட்டும் வரும் சொற்களை இப்போது தேடுகிறோம். 'எஜுகேஷன்' என்ற சொல்லிலேயே ஐந்தும் இருப்பதைக் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டியதும் பிள்ளைகள் விடுவதாயில்லை.

சேர்ந்ததில் அருமையானது 'ஃபசீஷியஸ்'. முக்கியமான விசயத்தில் பொருத்தமில்லாமல் கேலி பேசுவதைக் குறிக்கும். ஐந்தும் வரிசை மாறாமல் வரும். உணவிலும் குடியிலும் அளவோடு இருப்பதைச் சொல்லும் 'அப்ஸ்டீமியஸ்' என்பதும் அப்படித்தான். துணைக்கண்டம் சார்ந்ததைச் சொல்லும் 'சப்கான்டினென்டல்' தலைகீழ்: அதன் உயிரெழுத்துகள் யூவில் தொடங்கி ஏயில் முடியும். அப்புறம் 'அன்காப்பிரைட்டபிள்', பதிப்புரிமை பெற முடியாதது. 15 எழுத்து, ஒன்றுகூட இரண்டாம் தடவை வராது!

இன்னும் வேண்டும். மருத்துவப் பெயர்களை விட, பேச்சிலும் பரீட்சையிலும் உதவும் சொற்கள்தான் நல்லம். இரண்டு மூன்று சொல் சேர்ந்த தொடர்களும் சரி. பொருளைத் தமிழில் ஒரு வரியில் எழுதுங்கள், எழுத்துக்கூட்டலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இங்கே சிக்னல் குறைவு, அதனால் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே போட்டால் பெரிய உதவி.