வைர வளையக் கம்மல் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

வைரப் பாலி, அதாவது வளையக் கம்மல் எடுக்கப் போகிறேன், விவிஎஸ் எடுப்பதா விஎஸ் போதுமா என்று இங்கே ஒரு தங்கை கேட்டிருந்தார். இரண்டும் கல்லுக்குள் குறை எவ்வளவு குறைவு என்று சொல்லும் சுத்தத் தரங்கள், விவிஎஸ் ஒரு படி மேல். தை மாதம் என் மகளுக்கு ஒரு ஜோடி எடுத்தோம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், ஒற்றைக்கல் தோடு வேறு, வளையம் வேறு. ஒற்றைக்கல்லில் மொத்தப் பணமும் அந்த ஒரு கல் மேல்தான் போகிறது, அங்கே நிறமும் சுத்தமும் ஒரு படி ஏறினாலே விலை தாவிவிடும். வளையத்தில் பதிப்பது பொடிக்கற்கள். ஒரு காரட் என்றால் 100 சென்ட், எடையில் 0.2 கிராம். நாங்கள் எடுத்த ஜோடியில் 40 கற்கள், மொத்தம் 60 சென்ட். அப்படியானால் ஒரு கல் ஒன்றரை சென்ட், குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டர் பக்கம் வரும். டேக்கில் 60 சென்ட் என்று போட்டிருப்பதை 60 சென்ட் ஒற்றைக்கல்லோடு வைத்து யோசிக்காதீர்கள். கல் பெரிதாக ஆக காரட்டுக்கான விலையே ஏறிக்கொண்டு போகும், பொடிக்கற்களுக்கு அந்த விலை கிடையாது.

சுத்தத்தைத் தரம் பிரிப்பது 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியாக. விவிஎஸ் என்றால் அந்த லென்ஸிலும் பழகிய கண்ணுக்கே குறை சிரமப்பட்டுத்தான் தெரியும். ஒன்றரை மில்லிமீட்டர் கல்லில், காதில் போட்ட பிறகு, அதை யார் பார்க்கப் போகிறார்கள்? எங்கள் ஊர்க் கடைத்தெருவைச் சொல்லும் இடத்தில் சிலப்பதிகாரமே காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களை அடுக்குகிறது, குறை பார்த்து வாங்குவது நமக்குப் பழைய பழக்கம்தான். ஆனால் பொடிக்கல்லில் விஎஸ் தாராளமாகப் போதும். நிறமும் அப்படியே. நிறமே இல்லாத டி-யில் தொடங்கி மஞ்சள் சாயல் தெரியும் இசட் வரை போகிற வரிசையில் இ-எஃப் கேட்டு வாங்கி அதை மஞ்சள் தங்கத்தில் பதித்தால் தங்கத்தின் சாயல் கல்லில் விழும், கொடுத்த கூடுதல் காசு அங்கேயே மறைந்துவிடும். வெள்ளைத் தங்கம் என்றால் நிறத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்.

எங்களுக்கு இரண்டு ஜோடி காட்டினார்கள். ஒன்று இ-எஃப் விவிஎஸ், இன்னொன்று ஜி-ஹெச் விஎஸ். கடை விளக்கில் இரண்டும் ஒரே மாதிரி ஜொலித்தன, அந்த விளக்கில் கண்ணாடித் துண்டு கூட ஜொலிக்கும். வாசல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்டேன், ஊழியர் கூடவே எடுத்து வந்தார். அங்கே ஜி-ஹெச் ஜோடிதான் உயிரோடு இருந்தது, மற்றதில் நடுவில் சில கற்கள் மங்கிக் கிடந்தன. காரணம் பட்டை தீட்டிய விதம். ஃபுல் கட் என்கிற முழுப்பட்டைக் கல்லுக்கு 57 அல்லது 58 முகம், சிங்கிள் கட் என்று சொல்லும் கல்லுக்கு 17, 18 தான். பட்டை சரியில்லாமல் கல் தட்டையாக இருந்தாலும் வெளிச்சம் கீழே ஒழுகிவிடும், மேலே திரும்பி வராது. பொடிக்கல் நகைக்கு வரும் சான்றிதழில் இதெல்லாம் ஒவ்வொரு கல்லுக்கும் எழுதியிருக்காது, பெரும்பாலும் நிறம் இதிலிருந்து இது வரை, சுத்தம் இதிலிருந்து இது வரை என்று மொத்தமாகத்தான் இருக்கும். அதனால் ‘ஃபுல் கட்டா?’ என்று வாய்விட்டுக் கேளுங்கள், வரிசையில் எல்லாக் கல்லும் ஒரே அளவில், ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம் பில். வேறொரு கடையில் கொடுத்த எஸ்டிமேட்டில் கல்லோடு சேர்ந்த எடைக்கே தங்க விலை போட்டிருந்தார்கள். மொத்த எடை 6.120 கிராம், கல் 60 சென்ட் என்றால் 0.120 கிராம், தங்கம் 6.000 கிராமுக்குத்தான் விலை வர வேண்டும். சின்னத் தொகைதான், ஆனால் கல்லுக்கு ஒரு தடவை, அதே எடைக்குத் தங்கமாக இன்னொரு தடவை நாம் ஏன் கொடுக்க வேண்டும்? சொன்னதும் திருத்திக் கொடுத்தார்கள், நான்தான் அங்கே எடுக்கவில்லை. 18 காரட் தங்கம் என்றால் ஹால்மார்க்கில் 750 இருக்கும், கூடவே ஹெச்யுஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. அதை ஹால்மார்க் திட்டத்தை நடத்தும் பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் அங்கேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

கோயம்புத்தூரிலிருந்து:

அக்கா சொன்னதோடு என்னுடையதும். நான் புதிதாக வாங்கவில்லை, பாட்டியின் ஏழு கல் தோட்டைப் பிரித்து வளையமாக மாற்றினேன். வீட்டில் எல்லோரும் அதை ப்ளூ ஜாகர் என்பார்கள், உயர்ந்த வைரத்துக்கு அந்தக் காலத்தில் சொல்லும் பெயர். பின்பக்கம் மூடிய கட்டு என்பதால் கல் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்ததே இல்லை. பிரித்ததும் அடியில் அத்தனை வருட அழுக்கு. கழுவி எடுத்தபோது இரண்டு கல்லின் ஓரத்தில் சின்ன உடைவு தெரிந்தது, மற்றவை அருமை. ஒவ்வொன்றும் 8 சென்ட் பக்கம், ஒரு காதுக்கு ஏழு என்று முன்பக்க வளைவில் அழகாக உட்கார்ந்தன. உடைந்த ஓரத்தின் மேல் பிடிக்கம்பி வருகிற மாதிரி ஆசாரி பதித்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே கல்லை எண்ணி, எடை போட்டு, போட்டோ எடுத்து, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நம்பிக்கையான ஆசாரி இதற்குக் கோபப்பட மாட்டார்.

லேபில் வளர்த்த வைரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதுவும் வைரம்தான், அதே கார்பன். கடையில் கல் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண டெஸ்டர் அதையும் வைரம் என்றே காட்டும், அதனால் பில்லில் எந்த வைரம் என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். போட்டு அனுபவிக்க நல்ல பொருள். திருப்பிக் கொடுத்தால் என்ன எடுத்துக்கொள்வார்கள் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

திருச்சியிலிருந்து:

தினமும் போடுவதென்றால் பூட்டைப் பாருங்கள். டக் என்று விழ வேண்டும், மூடிய பிறகு விரலால் இழுத்தால் அசையக் கூடாது. என் தோழிக்கு ஒரு காதுப் பாலி பஸ்ஸிலேயே போய்விட்டது.

இன்னொன்று எண்ணெய். வைரத்துக்குக் கொழுப்பு ஒட்டும் குணம் உண்டு, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கிரீஸ் தடவிய மேசை மேல் மண்ணையும் தண்ணீரையும் ஓட விட்டு வைரத்தைப் பிடித்ததே அதை வைத்துத்தான். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற நம் வீட்டில் வளையக் கல்லின் பின்பக்கம் சீக்கிரமே எண்ணெய்ப் படலம் படிந்துவிடும், கல் தரம் குறைந்துவிட்டது என்று பயந்து கடைக்கு ஓட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு ஊறவைத்து, மெத்தென்ற பிரஷ்ஷால் பின்பக்கத்திலிருந்து தேயுங்கள். சிங்கின் மேல் வைத்துக் கழுவாதீர்கள், கிண்ணத்தில் கழுவுங்கள். காய்ந்ததும் காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள், சின்னதாகக் கிடுகிடு என்று கேட்டால் ஏதோ ஒரு கல் தளர்ந்திருக்கிறது, இறுக்கி வாங்கும் வரை போடாதீர்கள்.