பதில்: ஸ்கிரிப்ட் எழுதிய பழைய கோப்பைத் தானாக எடுத்துவைப்பது – தமிழில் என்ன?

வணக்கம். ஒரு ஸ்கிரிப்ட் (கணினி வரிசையாக ஓட்டும் கட்டளைகளின் கோப்பு) தன் கோப்பை மறுபடி எழுதும் முன் பழையதைத் தானாக எடுத்துவைக்கும் வசதிக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். உங்கள் பரிந்துரைகளுக்கு என் பதில் இது.

> ‘தானியங்கிக் காப்பு’ என்றே வைத்துவிடலாமே, இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, காப்பு என்றால் வன்தட்டே போனாலும் கைகொடுக்க வேறிடத்தில் இருக்கும் நகல். இங்கே நடப்பது வேறு. ஸ்கிரிப்ட் ஓடும்போதெல்லாம் அதே பெயரில் எழுதுகிறது. எழுதும் முன் பழைய கோப்பைப் பெயர் மாற்றிப் பக்கத்திலேயே ஒதுக்கிவைக்கிறது. தட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இதற்குக் காப்பு என்று பெயர் வைத்தால் பயனர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்.

எனக்கு இதில் பட்ட அனுபவம் உண்டு. திருப்பாதிரிப்புலியூர் வீட்டில் ஒரு ஆறு வரி ஸ்கிரிப்ட். தினமும் காலை ஒரு தளத்திலிருந்து அந்த மாத மழை அட்டவணையை எடுத்து மழை.சிஎஸ்வி என்ற கோப்பில் போடும். ஃபெஞ்சல் புயல் கரையேறியது 2024 நவம்பர் 30 இரவு. மறுநாள் காலை இன்வெர்ட்டரில் கணினி ஓடியது, இணையம் இல்லை. ஸ்கிரிப்ட் தோற்றது. ஆனால் அந்த ‘>’ குறி இருக்கிறதே, கட்டளை தருவதைக் கோப்பில் எழுதச் சொல்வது, அது கட்டளை தொடங்கும் முன்பே கோப்பைத் துடைத்துவிடும். திறந்து பார்த்தால் 0 பைட். இணையம் வந்தபோது தளத்தில் டிசம்பர் அட்டவணைதான் இருந்தது. தவறு முழுக்க என்னுடையது. இருக்கும் கோப்பின்மேல் எழுதவிடாத ‘நோகிளாபர்’ அமைப்பைப் போட்டிருந்தால் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எழுதவே மறுத்திருக்கும். ஆனால் தினமும் மறுக்கும், அது எதற்கு?

> ‘பதிப்பு வரலாறு’?

அது திருத்தங்களைப் பதிந்துவைக்கும் கிட் மாதிரி கருவிகளுக்குப் போய்விட்டது. தவிர, பதிப்பு என்றால் திருத்திய ஒரு கை வேண்டும். இங்கே யாரும் எதையும் திருத்தவில்லை.

> லாக்ரொட்டேட்டுக்குச் சொல்வதுபோல ‘சுழற்சி’?

லாக்ரொட்டேட் என்பது பழைய பதிவுக் கோப்புகளை எண்ணிட்டுத் தள்ளிவைக்கும் கருவி. அதிலும் எதுவும் சுற்றி வருவதில்லையே அண்ணே. கடைசியில் இருப்பது விழுகிறது, அவ்வளவுதான்.

புதுவை நண்பர் சொன்ன ‘முன்படி’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் முன்பதிவு, முன்பணம் எல்லாம் வரப்போவதைப் பார்க்கும் ‘முன்’. பஞ்சப்படியும் பயணப்படியும் வாங்குகிறவர் காதில் ‘முன்படி’ அட்வான்ஸ் மாதிரிதான் விழும். ‘படி’ மட்டும் நல்ல சொல், விடவேண்டாம். ஏட்டைப் பார்த்துப் படியெடுத்த ஊர்க்காரர்கள் நாம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கும் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறியதும் தெரிந்ததே. ஏடு எழுதியவர் புதுப்படி முடியும்வரை பழையதைக் கையில் வைத்திருந்தார். நம் ஷெல்லுக்கு அந்தப் பொறுமை இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: பழம்படி. பழங்கணக்கு என்றால் எந்தக் கடைக்காரருக்கும் புரியும், அதே வார்ப்பு. வினைக்கு ‘பழம்படி எடுத்துவை’. வாழைப்பழம் நினைவுக்கு வருகிறது என்று ஒருவராவது எழுதுவீர்கள். பழமொழியைக் கேட்டு யாருக்கும் பசித்ததில்லை.

ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. லாக்ரொட்டேட்டில் .1 என்பது எடுத்துவைத்தவற்றில் புதியது. கோப்பை நகர்த்தும் குனூ எம்வி கட்டளையின் எண்ணிட்ட முறையில் .~1~ என்பது இருப்பதிலேயே பழையது. ‘முதல் பழம்படி’ என்று மொழிபெயர்த்தால் பாதிப் பேர் தவறான கோப்பை மீட்பார்கள். எனவே செய்தி வரிகளில் எண்ணைத் தொடாமல் ‘கடைசியாக எடுத்துவைத்த பழம்படி’, ‘மிகப் பழைய பழம்படி’ என்று எழுதியிருக்கிறேன். நீளம்தான், தெரியும்.

எண்ணிக்கை மீறியதும் பழையதை அழிக்கும் கட்டளைக்கு, ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றோடு விட்ட கதையை நினைத்து ‘ஆற்றில் விடு’ என்று போட ஆசை வந்தது. கெடிலத்தில் கோப்பைத் தேடி யாராவது இறங்கிவிடப் போகிறார்களே என்று ‘கழி’ என்றே வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்று மாலை மொழிபெயர்ப்புக் கோப்பை அனுப்பிவிடுவேன்.