இஷாப்பூர் 2ஏ1: சேகரிப்பவர் விலை கொடுக்கத் தகுந்ததா?

பழையகுழல்:
பிரிட்டிஷ் படையின் பழைய ரைஃபிளான லீ என்ஃபீல்டில், இங்கிலாந்தில் செய்ததற்கு அமெரிக்கச் சந்தையில் உள்ள மதிப்பு, வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்ததற்கு இல்லாதது நியாயம் என்றே கருதுகிறேன். சென்ற மாதம் அந்தத் தொழிற்சாலையின் லீ என்ஃபீல்டு வகையான 2ஏ1 ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உலோகத்தின் மேல் பூசிய கறுப்பு வண்ணம் செதில் செதிலாக உரிந்திருந்தது. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு ஓடியது. .303 அங்குலத் தோட்டாவுக்கான பழைய துப்பாக்கியைத் துளை மாற்றி 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஆக்கியதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

கடைசல்பட்டறை:
துளை மாற்றியது என்பது பலரும் நம்பும் பிழை. 1962 சீனப் போரை அடுத்து, தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் படைக்குப் போதாமல் இருந்த வேளையில், 7.62 தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே மேம்பட்ட கலப்பு எஃகில் புதிதாகச் செய்த துப்பாக்கி இது. தோட்டா அடைக்கும் மேகஸினைப் பாருங்கள்: பழையதில் 10 தோட்டா, இதில் 12, அடிப்பகுதியும் சதுரமாக இருக்கும். நீங்கள் கண்ட திருகு ஒட்டுவேலை அன்று. மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலையே வைத்தது.

பழையகுழல்:
எஃகைப் பற்றி நான் சொன்னது தவறுதான், திருத்திக்கொள்கிறேன். ஆனால் மரம்? பழைய .303-இன் கட்டைகளையே பலவற்றில் வெட்டிப் பொருத்தினார்கள். சேகரிப்பவன் கண்ணுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறான்.

செம்புக்கம்பி:
அந்தக் கட்டையிலேதான் வரலாறு இருக்கிறது, ஐயா. கையெறி குண்டு ஏவுவதற்கென ஒதுக்கிய இஷாப்பூர் .303 துப்பாக்கிகளின் முன்கட்டையில் செம்புக் கம்பியை வரிவரியாகச் சுற்றியிருப்பார்கள். அதை அசிங்கம் என்று அவிழ்த்து, மரத்தைத் தேய்த்து மெருகேற்றி விற்ற ஒன்றை நான் பார்த்தேன். கம்பி பதிந்த தடம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. மனம் கசந்துவிட்டது. கிரீட முத்திரை போய் அசோகச் சிங்கம் வந்த காலத்தையே கையால் தடவிப் பார்க்க வைக்கும் பொருளுக்குப் புது வார்னிஷ் எதற்கு?

கடைசல்பட்டறை:
ஆகவே தொழிற்சாலையின் பெயரைக் கொண்டு விலை பேசாதீர்கள். குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்ட்டிலும், அது ஓடும் உடற்பகுதியான ரீசீவரிலும் எண் ஒன்றுதானா, தோட்டாவைச் சுழற்றும் குழலின் உள்வரிகள் கூர்மையாக உள்ளனவா, போல்ட்டின் முகப்புக்கும் தோட்டாவின் அடிக்கும் உள்ள இடைவெளி அளவுக்குள் உள்ளதா என்று பாருங்கள். குறிபார்க்கும் பகுதியில் தூர எண் 2000 வரை இருந்தால் அது முந்தைய வகையான 2ஏ. 800-இல் நின்றால் 2ஏ1. முதலில் சொன்ன மூன்றும் சரியாக உள்ள 2ஏ1 கிடைத்தால், வண்ணம் உரிந்திருந்தாலும் நான் வாங்குவேன்.

பழையகுழல்:
நான் பார்த்ததில் போல்ட்டின் எண்ணைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போய்ப் பார்க்கிறேன்.